ரோட்ஸ் தீவில் எந்தக் கரை? காற்றைக் கேட்டுத்தான் சொல்ல முடியும்

கடற்கரைப் படங்களை இனி அனுப்ப வேண்டாம் என்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒருநாள் எழுதிவிட்டேன். ரொறன்ரோவில் இருக்கும் தம்பியும் பாரிஸில் இருக்கும் தங்கச்சியும் போட்டி போட்டு அனுப்பிய படங்கள் எல்லாவற்றிலும் கடல் ஒரே நீலம், மணல் ஒரே வெண்மை, நடுவே ஒரு குடை, இரண்டு சாய்வு நாற்காலிகள். பெயரை மறைத்துவிட்டால் அது மத்தியதரைக் கடலின் எந்தத் தீவு, எந்தக் கரை என்று ஒருவராலும் சொல்ல முடியாது. எனக்கு வேண்டியிருந்தது படத்தில் விழாத ஒன்று: காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, எத்தனை மணிக்கு எழும்புகிறது என்ற செய்தி.

நான் கொழும்பில், கொள்ளுப்பிட்டியில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை செய்கிறேன். இழப்பீடு கேட்டு வரும் கோப்புகளைப் படிப்பதுதான் தொழில். கடல் விபத்து என்று வரும் கோப்புகளில் சுறாவையும் சூறாவளியையும் நான் கண்டதில்லை. கரையிலிருந்து பார்க்க அமைதியான தண்ணீர், வாடகைக்கு எடுத்த ஏதோ ஒரு மிதவை, திரும்பி வரத் தெரியாத ஓர் ஆள். அநேகமாக எல்லாக் கோப்பும் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும். ஆகவே குடும்ப விடுமுறைக்குக் கடற்கரை தெரிவு செய்யும் பொறுப்பு என் தலையில் விழுந்தபோது, சகோதரங்கள் அழகைப் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டு நான் வரைபடத்தைப் பார்த்தேன். “அக்கா விடுமுறைக்குக்கூடக் கோப்புத் திறக்கிறா” என்று தம்பி பகிடி செய்தான். செய்யட்டும்.

எங்கள் கூட்டத்தில் ஆளுக்கொரு ஆசை. தங்கச்சியின் மகன் துவாரகனுக்கு 19 வயது. பிரான்ஸில் ஏரி ஒன்றில், பாய் பொருத்திய பலகையில் காற்றோடு ஓடும் விண்ட்சர்ஃபிங் பழகியவன், அவனுக்குக் காற்று வேண்டும். தம்பியின் மகளுக்கு 11 வயது. அவளுக்குப் பனானா போட்டும், நின்றபடி துடுப்புப் போடும் பலகையும் வேண்டும். தம்பிக்குக் காற்றுக் குடுவையுடன் மூழ்கும் ஸ்கூபா. தங்கச்சிக்குப் பாராசெய்லிங்கில், படகு இழுக்கப் பாராசூட்டில் தொங்கிப் பறக்க வேண்டும். மச்சாளுக்கு அதைப் பார்க்கவே கூடாது. அம்மாவுக்குக் காலை நனைத்துக்கொண்டு உட்காரக் கரை, பக்கத்தில் ஒரு கழிவறை, சூடான தேத்தண்ணீர். இத்தனை பேரையும் ஒரே கடற்கரையில் திருப்திப்படுத்த முயன்றால் எல்லோரும் சண்டை பிடிப்பார்கள் என்பது எனக்கு ஆரம்பத்திலேயே தெரிந்தது. ஒரே தீவு, பல கரைகள் என்பதுதான் வழி.

ஏன் கிரேக்கத்தின் ரோட்ஸ் தீவு என்று பலர் கேட்டார்கள். மோல்ட்டாவில் மணற்கரைகள் குறைவு. சைப்ரஸ் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் நாங்கள் போன காலத்தில், ஒரே விசாவில் பல நாடுகளுக்குப் போகக்கூடிய ஷெங்கன் வலயத்துக்குள் இல்லை. இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் அம்மாவுக்கும் எனக்கும் அது இன்னொரு விசா, இன்னொரு கட்டுக் காகிதம். பாரோஸும் நக்ஸோஸும் காற்றுக்குப் பெயர் போன தீவுகள், ஆனால் காற்று வேண்டாதவர்களுக்கும் அதே காற்றுத்தான். ரோட்ஸ் நீளமான தீவு, ஏறக்குறைய 80 கிலோமீட்டர்; நடுவே மலை. மேற்குக் கரையில் காற்றும் அலையும், கிழக்குக் கரையில் மறைப்பும் அமைதியும். இடையில் காரில் அரை மணி நேரம். இதைவிட வேறென்ன வேண்டும்?

இலங்கையர்களான நமக்கு இந்த ஏற்பாடு புதியதல்ல. தென்மேற்குக் காற்றான சோளகம் வீசும் மாதங்களில் நிலாவெளிக்கும் அறுகம் குடாவுக்கும் போவோம். அது ஓய்ந்து வடகிழக்குக் காற்றான வாடை தொடங்கியதும் ஹிக்கடுவைக்கும் வெலிகமவுக்கும் போவோம். ஆனி, ஆடியில் ஹிக்கடுவைக் கடலில் இறங்க நினைப்பவரை எவரும் தடுத்து நிறுத்துவார்கள். நாம் மாதம் பார்த்துக் கரை மாறுகிறோம். ரோட்ஸில் மணி பார்த்துக் கரை மாற வேண்டும், வித்தியாசம் அவ்வளவுதான்.

அங்கே வீசும் கோடைக் காற்றுக்கு மெல்தெமி என்று பெயர். ஜூலையிலும் ஆகஸ்டிலும் உச்சம். ஏஜியன் கடலின் வடக்கிலிருந்து இறங்கி, ரோட்ஸுக்கு வரும்போது மேற்கு, வடமேற்குப் பக்கமாகத் திரும்பி வீசுகிறது. இதைப் பற்றிப் படிக்கும்போது ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. கோடையில் வட இந்தியா, பாகிஸ்தான் பக்கம் நிலம் கொதித்து ஒரு பெரிய தாழ்வழுத்தம் உருவாகிறது. நம்முடைய தென்மேற்குப் பருவக்காற்றை இழுப்பது அதுதான். அந்தத் தாழ்வழுத்தத்தின் ஒரு நீண்ட கை ஈரானைத் தாண்டித் துருக்கி வரை போகிறது. போல்கன் பக்கம் உள்ள உயர் அழுத்தத்துக்கும் துருக்கியில் உள்ள இந்தத் தாழ்வுக்கும் இடையே பாய்வதே மெல்தெமி. ஜூலையில் கொழும்பு மரீன் டிரைவ் பக்கத்து வீடுகளின் யன்னல் கம்பிகளில் உப்பைப் பூசித் துருப்பிடிக்க வைக்கும் காற்றும், ரோட்ஸில் துவாரகனின் பாயை நிரப்பிய காற்றும் தூரத்துச் சொந்தம்.

பயணத்துக்குத் தயார் செய்யும்போது முதலில் பழகிக்கொள்ள வேண்டியது, காற்றின் வேகத்தை எண்ணில் சொல்லும் போஃபோர்ட் அளவு. கிரேக்கத்தில் வானிலை அறிக்கையிலிருந்து ஹோட்டல் வரவேற்பாளர் வரை எல்லோரும் “இன்று நான்கு, நாளை ஆறு” என்றுதான் பேசுகிறார்கள். 3 என்றால் மணிக்கு 12 முதல் 19 கிலோமீட்டர், பிள்ளைகளுக்குச் சரி. 4 என்றால் 20 முதல் 28; துடுப்புப் பலகையைக் கரையில் வைத்துவிடலாம். 5 என்றால் 29 முதல் 38. துவாரகனின் முகம் மலரும், தங்கச்சியின் பாராசெய்லிங் அநேகமாக நிற்கும். 6 என்றால் சாய்வு நாற்காலியில் மணல் வந்து கன்னத்தில் குத்தும்.

ஆனால் எண் மட்டும் போதாது. அது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதுதான் உயிர்நாடி. கடலிலிருந்து கரைக்கு வரும் காற்று அலையைக் கொண்டுவரும், குடையைப் பிடுங்கும், ஆனால் விழுந்தவரைக் கரைக்கே தள்ளும். கரையிலிருந்து கடலுக்குப் போகும் காற்று அலையைப் படுக்க வைத்துவிடும், தண்ணீர் கண்ணாடியாக இருக்கும், ஆளை மெதுவாக வெளியே கொண்டு போகும். பயப்பட வைக்கும் கடல் பத்திரமானது, அழைக்கும் கடல் ஆபத்தானது என்று தலைகீழாக அமைந்துவிடுகிறது. என் மேசைக்கு வரும் கோப்புகளில் பாதி இந்தத் தலைகீழைத் தெரியாதவர்களுடையவை.

இதை எனக்கு முன்னரே தெரிந்தவர் எங்கள் குடும்பத்தில் ஒருவர் இருந்தார். அம்மா. ஃபலிராக்கிக் கடற்கரையில் வைத்து அது வெளிப்பட்டது.

ஃபலிராக்கி கிழக்குக் கரையில், ரோட்ஸ் நகரத்திலிருந்து ஏறக்குறைய 14 கிலோமீட்டர். நீண்ட மணற்கரை, மெல்ல மெல்ல இறங்கும் ஆழம், ஜெட் ஸ்கியிலிருந்து பாராசெய்லிங் வரை மோட்டார் விளையாட்டு எல்லாம் வரிசையாக இருக்கும். இரவில் கூத்தும் கும்மாளமும் அதிகம், அது எங்களுக்குத் தேவையில்லை. காலையில் போனால் குடும்பத்துக்குத் தோதான இடம். தம்பியின் மகள் காலை முழுவதும் துடுப்புப் பலகையில் முழங்காலிட்டும் விழுந்தும் எழுந்தும் விளையாடினாள். மதியம் தாண்டியதும் காற்று மலைப் பக்கத்திலிருந்து இறங்க ஆரம்பித்தது. கரையில் நின்றால் முதுகில் படும் காற்று. கடலோ முன்னைவிட இன்னும் தட்டையாக இருந்தது. இன்னொரு தடவை போகட்டுமா என்று பிள்ளை கேட்டாள், தம்பி தலையாட்டிவிட்டான்.

குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்த அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். “பிள்ளை, இது தரைக்காற்று. எங்கள் ஊரில் சோளகத்துக்குக் கடல் இப்படித்தான் அடங்கிக் கிடக்கும். வெளியே போவது சுகம், திரும்பி வருவதுதான் பாடு. அவளைக் கூப்பிடு.”

அம்மா பிறந்து வளர்ந்தது பருத்தித்துறையில். அங்கே கரை வடக்கைப் பார்த்திருக்கிறது. சோளகம் தெற்குப் பக்கமாக நிலத்தைக் கடந்து வந்து கடலுக்குள் இறங்கும். வாடைக் காலத்தில் கொந்தளிக்கும் அதே கடல், சோளகத்தில் கரையோரம் குளம் போல் கிடக்கும். ஃபலிராக்கியில் மேற்குக் காற்று மலையைத் தாண்டி இறங்கிக் கிழக்குக் கடலுக்குள் போகிறது. திசைகள் வேறு, கணக்கு ஒன்று. நான் மாதக்கணக்கில் வாசித்துப் பிடித்ததை அம்மா முதுகில் காற்றுப் பட்டதும் சொல்லிவிட்டார்.

அதே நேரம் எங்களுக்குச் சற்றுத் தள்ளி யாரோ ஒரு பிள்ளையின் காற்றடைத்த பிளமிங்கோ, ஆளில்லாமல், மிதவைக் கயிற்றைத் தாண்டி வெளியே போய்க்கொண்டிருந்தது. தகப்பன் பின்னால் நீந்தத் தொடங்கினார். பிளமிங்கோ அவரைவிட வேகம். விளையாட்டு நிலையத்துப் பையன் விசில் ஊதி, கையைக் குறுக்காக வீசி, அவரைத் திருப்பி அனுப்பினான். படகை எடுத்துப் போய்ப் பிடிக்கவும் இல்லை. எதிரே துருக்கி, அது அங்கே போய்ச் சேரட்டும் என்பது போல் தோளைக் குலுக்கினான். அவன் செய்தது முழுக்கச் சரி. மிதவை போனால் போகட்டும், அதன் பின்னால் ஆள் போகக் கூடாது. மருமகளுக்கு இதைக் காட்டியே “இப்போது விளங்குகிறதா?” என்றேன். “சரி மாமி” என்று பனானா போட்டுக்கு மாறிக்கொண்டாள். அதில் ஆளுக்கு உயிர்காப்பு அங்கி, இழுப்பதற்குப் படகு, ஓட்டுவதற்குத் தெரிந்தவர்.

தங்கச்சி பாராசெய்லிங் போனதும் இங்கேதான், ஆனால் இன்னொரு நாள் காலை, காற்று 2க்கு மேல் போகாத நேரத்தில். மச்சாள் முதுகைக் காட்டி உட்கார்ந்து, இறங்கியாயிற்றா என்று என்னை விட்டு விட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். படகு ஏறுவதற்கு முன் தங்கச்சியிடம் நான் ஒரே ஒரு பாடம் சொன்னேன்: எந்த அளவு காற்றுக்கு நிறுத்துவீர்கள் என்று நிலையத்தில் கேள். உடனே ஒரு எண் சொல்கிறவரிடம் போகலாம். “பிரச்சினை இல்லை, எப்போதும் போகலாம்” என்கிறவரிடம் போகக் கூடாது.

மேற்குக் கரை வேறு உலகம். இக்சியா, இயாலிசோஸ் என்று நகரத்துக்கு வெகு அருகில் தொடங்குகிறது. மணல் இல்லை, கூழாங்கல். வெறுங்காலுடன் நடந்தால் வெள்ளவத்தை ரயில் பாதையில் சல்லிக்கல்லில் நடப்பது போல இருக்கும். அம்மாவை அங்கே கொண்டு போகவே இல்லை. ஆனால் விண்ட்சர்ஃபிங் பழக இதைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது. காற்று பக்கவாட்டாகக் கரையை நோக்கி வீசுவதால், திரும்பத் தெரியாதவன்கூடக் கடைசியில் எங்கோ ஒரு கல்லில் வந்து முட்டிக்கொள்வான். அங்கே பலகையைத் தூக்கிக்கொண்டு நடந்து வர வேண்டியதுதான். காலையில் காற்று மெல்லியது, அது தொடக்கக்காரர்களின் நேரம். பதினொரு மணிக்குப் பிறகு காற்று வலுக்கும்; கரையில் நிற்கும் ஆட்களின் தோள் அகலம் மாறுகிறது. பாய்களின் அளவு சுருங்குகிறது. துவாரகன் முதல் நாள் பெரிய பாயுடன் காலையில் இறங்கி, பிற்பகலில் அதைவிட இரண்டு அளவு சின்னப் பாய்க்கு வந்தான். ஏரியில் பழகியவனுக்குக் கடல் அலை குறுக்கும் நெடுக்குமாக அடிப்பது பிடிபட ஒரு பகல் எடுத்தது.

கிரேக்கர்களுக்கு இந்த விளையாட்டில் பெருமை அதிகம், காரணமும் இருக்கிறது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் விண்ட்சர்ஃபிங் தங்கம் வென்ற நிகோஸ் கக்லமனாகிஸ்தான் 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கின் தீபத்தை ஏற்றியவர். நம் நாட்டில் ஒரு பாய்ப்பலகைக்காரனுக்கு அப்படி ஒரு மேடை கிடைக்கும் நாளை நினைத்துப் பார்த்தேன். கற்பிட்டியில், பெரிய பட்டம் இழுக்கப் பலகையில் ஓடும் கைட்சர்ஃபிங் செய்யும் உள்ளூர்ப் பையன்களின் திறமையை நேரில் கண்டவள் நான். காற்றும் களப்பும் இருக்கின்றன, மேடைதான் இல்லை.

கைட்சர்ஃபிங் விரும்புபவர்கள் இதே கரையில் இன்னும் தெற்கே கிரெமஸ்திக்குப் போகிறார்கள். விமான நிலையம் பக்கத்திலேயே பரதீசியில் இருப்பதால் தலைக்கு மேல் விமானங்கள் தாழப் பறக்கும்.

தீவின் தென்கோடியில் இருக்கும் பிரசோனிசிக்குப் போவதா இல்லையா என்று வீட்டில் இரண்டு கட்சி. நகரத்திலிருந்து ஏறக்குறைய 90 கிலோமீட்டர், வழியில் நிழல் குறைவு, போனால் ஒரு முழு நாள். துவாரகன் “பெரியம்மா, ஒரே ஒரு நாள்” என்று கெஞ்சினான். அவனுக்காகப் போனோம் என்றுதான் எல்லோரும் சொல்லிக்கொள்கிறார்கள். உண்மையில் அதிகம் பார்த்துக்கொண்டு நின்றது நான்.

பிரசோனிசி ஒரு குன்றுத் தீவு. அதையும் ரோட்ஸையும் ஒரு மணற்திட்டு இணைக்கிறது. குளிர்காலத்தில் கடல் ஏறித் திட்டை மூடிவிடும், அப்போது அது தனித் தீவு. கோடையில் திட்டின் மேல் நடந்து போகலாம். நடுவில் நின்றால் ஒரு கையின் பக்கம் மேற்குக் கடல், நுரை தள்ளி இரைந்துகொண்டு வருகிறது. மறு கையின் பக்கம் கிழக்குக் கடல், ஒரு சுருக்கம்கூட இல்லாமல் கிடக்கிறது. காற்று இரண்டுக்கும் ஒன்றுதான். அலையை மட்டும் மணல் வடிகட்டிவிடுகிறது. அலைப் பக்கத்தில் துள்ளி எழும்பும் ஆட்கள், தட்டைப் பக்கத்தில் கோடு கிழித்தாற்போல் பறக்கும் ஆட்கள். விண்ட்சர்ஃபிங்கையும் கைட்டையும் வெவ்வேறு பகுதிகளில் வைத்திருக்கிறார்கள். கயிறும் பாயும் சிக்கினால் என்ன ஆகும் என்று நினைக்கவே எனக்கு ஒரு கோப்பு எண் மனதில் வருகிறது.

வேகமாகப் போக வேண்டும் என்றால் தட்டைப் பக்கம்தான் வேண்டும் என்றான் துவாரகன். அதுதான் காற்று வெளியே தள்ளும் பக்கம். நிலையத்தில் இருந்த பயிற்சியாளரிடம் நான் கேட்ட முதல் கேள்வி, மீட்புப் படகு எங்கே என்பது. கையை நீட்டிக் காட்டினார்: தண்ணீரிலேயே, இயந்திரம் சூடாக, ஆளும் அதன்மேல். பிறகு அவர் துவாரகனிடம் ஒரு கேள்வி கேட்டார்: காற்றை எதிர்த்து மேலே ஏறி வருவாயா, புறப்பட்ட இடத்துக்கே திரும்புவாயா? இவன் ஆமென்றான். அவர் நம்பாமல், எங்கள் கண்முன்னாலேயே கொஞ்சத் தூரம் போய்த் திரும்பிக் காட்டச் சொன்னார். காட்டிய பிறகே விட்டார். இந்த வாடகைக்காரரை எனக்கு உடனே பிடித்துப்போயிற்று. வாடிக்கையாளரைச் சோதிக்கும் கடைதான் நல்ல கடை.

அன்று காற்று 6. தங்கச்சி காரை விட்டு இறங்கவே இல்லை, மணல் அடித்து வைப்பர் வேலை செய்தது. நான் திட்டின் மேல் சால்வையை முகத்தில் சுற்றிக்கொண்டு, அவன் பாய் எது என்று கண்டுபிடிக்க முயன்றேன். எல்லாம் ஒரே நிறம். கடைசியில் அவன் விழும் விதத்தை வைத்துக் கண்டுபிடித்தேன்.

தம்பியின் ஸ்கூபாவுக்குக் கடற்கரை தேட வேண்டியிருக்கவில்லை. ரோட்ஸ் நகரத்து மண்ட்ராக்கித் துறைமுகத்திலிருந்து காலையில் படகுகள் கலிதேயாவுக்குப் போகின்றன. கலிதேயா பாறைக் கரை, இத்தாலியர் ஆண்ட காலத்தில் கட்டிய குளிப்பு மண்டபம் ஒன்று மேலே இருக்கிறது. மணல் இல்லாத இடத்தில்தான் தண்ணீர் தெளிவு. நிலாவெளியிலும் புறாத்தீவிலும் மூழ்கிப் பழகியவன் தம்பி. கீழே இறங்குவதற்காக அங்கே கட்டிய ஈயக்கட்டி இங்கே போதவில்லை, மிதந்துகொண்டே இருந்தான். கிழக்கு மத்தியதரைக் கடலில் ஒரு கிலோ தண்ணீரில் 39 கிராம் அளவு உப்பு. நம் பக்கம் 35க்கு அப்படி இப்படி. கூடவே தடித்த நீருடை, அதுவும் மிதக்க வைக்கும். கூடுதல் கட்டி கேட்டு வாங்கிய பிறகுதான் இறங்க முடிந்தது. பவளப்பாறை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். அந்தக் கடலில் மீனுக்கு உணவு குறைவு, அதனால்தான் அவ்வளவு தெளிவு.

மேலே வந்த தம்பி சொன்ன முதல் செய்தி, லயன்ஃபிஷ் கண்டேன் என்பது. செட்டையை விசிறி போல் விரித்துக்கொண்டு நிற்கும் அது மத்தியதரைக் கடலின் மீன் அல்ல. 1869இல் திறந்த சூயஸ் கால்வாய் வழியாகச் செங்கடல் மீன்கள் ஏறி வந்துகொண்டே இருக்கின்றன. முள்ளில் விஷம், தொடக் கூடாது. வந்தேறிகளில் இன்னொரு கூட்டம் அம்மாவைத் துள்ள வைத்தது. மீன் கடையில் பனிக்கட்டியில் கிடந்ததைப் பார்த்து “ஓரா!” என்று கூவிவிட்டார். யாழ்ப்பாணத்து ஓராவின் ஒன்றுவிட்ட சகோதரம்தான், செங்கடல் இனம். செட்டையில் முள் குத்தும் என்று கடைக்காரர் சைகை காட்ட, அது தனக்குத் தெரியும் என்று அம்மாவும் சைகை காட்டினார். வாடகை வீட்டு அடுப்பில் அன்று ஓராப் பொரியல். ஒடியல் மா இல்லாததால் கூழ் இல்லை. அதற்கு அம்மா இன்றுவரை வருந்துகிறார்.

மூச்சுக்குழாயுடன் மேலே மிதந்து பார்க்கும் ஸ்னோர்க்கல் மட்டும் போதும் என்பவர்களுக்கு, கலிதேயாவுக்கும் ஃபலிராக்கிக்கும் அருகே, நடிகர் அந்தனி குயினின் பெயர் வைத்த சிறிய குடா இருக்கிறது. காலை எட்டு மணிக்குள் போனால் அழகு. பத்து மணிக்கு மேல் பம்பலப்பிட்டிச் சந்தி போல் நெரிசல். பாறையில் கடல் முள்ளெலிகள் ஒட்டிக்கொண்டிருக்கும், இறப்பர் சப்பாத்து இல்லாமல் இறங்கக் கூடாது.

எனக்குப் பிடித்த கரை சம்பீக்கா. கிழக்குக் கரையில், நகரத்துக்கும் லிண்டோஸுக்கும் இடைவழியில். பெரிய மலைச்சரிவு மறைத்து நிற்க, கீழே மெல்லிய மணல், நெடுந்தூரம் இடுப்பளவு தண்ணீர். படகு விளையாட்டும் உண்டு, அதற்கு ஒரு மூலை. மலை உச்சியில் மாதாவின் சிறிய மடம். பிள்ளை வேண்டும் பெண்கள் படியேறி நேர்ந்துகொள்கிறார்கள், பிறந்தால் ஆணுக்குச் சம்பீக்கோஸ், பெண்ணுக்குச் சம்பீக்கா என்று பெயர் வைக்கிறார்கள். ரோட்ஸில் அந்தப் பெயரைக் கேட்டால் கதை தெரிந்துவிடும். அம்மாவுக்கு இதைச் சொன்னதும், நேர்த்தி வைத்துப் பெயர் சூட்டிய நம் ஊர் முருகேசுகளையும் வேலாயுதங்களையும் வரிசையாக நினைவுகூர்ந்தார். படியேறவில்லை, கீழிருந்தே கும்பிட்டார்.

நீலக்கொடி பற்றி ஒரு வார்த்தை. கிரேக்கத்தில் ஏராளமான கரைகளில் பறக்கிறது, சுற்றுலாத் தளங்கள் அதைப் பெரிதாகப் போடுகின்றன. தண்ணீர் சுத்தம், கரைப் பராமரிப்பு, பாதுகாப்பு ஏற்பாடு இவற்றுக்காகக் கொடுப்பது அது. பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு நல்ல அடையாளம். ஆனால் இன்று பிற்பகல் காற்று எந்தப் பக்கம் என்று கொடி சொல்லாது. அதைக் கொடி பறக்கும் திசையைப் பார்த்து நாமே தெரிந்துகொள்ள வேண்டும்.

அலைச்சறுக்கு ஆசையுடன் கோடையில் அங்கே போக வேண்டாம். காற்று எழுப்பும் குட்டை அலைதான். தென்சமுத்திரத்திலிருந்து நீண்டு வந்து அறுகம் குடாவில் சுருளும் அலையைக் கண்ட கண்ணுக்கு அது அலையே இல்லை.

இனி என் தொழில் பக்கம். ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்புறுதி கட்டாயம், அதை எல்லோரும் எடுக்கிறார்கள், யாரும் வாசிப்பதில்லை. சாதாரணப் பயணக் காப்புறுதி பலவற்றில் கைட்சர்ஃபிங், ஜெட் ஸ்கி, ஸ்கூபா ஆகியவை விலக்குப் பட்டியலில் இருக்கும், அல்லது மேலதிகக் கட்டணம் கேட்கும். ஸ்கூபாவுக்கு ஆழ வரம்பு போடுவார்கள். 18 மீட்டர் என்றால் 19இல் நடந்தது உங்கள் செலவு. ஜெட் ஸ்கியில் உங்களுக்கு அடிபடுவது வேறு, நீங்கள் இன்னொருவரை மோதுவது வேறு. இரண்டாவதற்கு மூன்றாம் தரப்புப் பொறுப்பு இருக்கிறதா என்று வாடகை நிலையத்திடமே எழுத்தில் கேளுங்கள். மது அருந்தியிருந்தால் எல்லாம் முடிந்தது. மூழ்கியவர்கள் விமானம் ஏறுவதற்கு முன் குறைந்தது 18 மணி நேரம் விட வேண்டும், ஆகவே ஸ்கூபாவை விடுமுறையின் தொடக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தம்பி கடைசி நாளுக்கு முன்தினம் இன்னொரு தடவை போகலாமா என்றான். விடவில்லை.

தெஹிவளையில் இருக்கும் சிநேகிதி ஒருத்தி அக்டோபரில் குடும்பத்துடன் ரோட்ஸ் போகிறாள், அவளுக்குச் சொன்னதையே இங்கும் எழுதிவிடுகிறேன். மெல்தெமி அப்போது ஓய்ந்திருக்கும். கோடை முழுவதும் சூடேறிய தண்ணீர் இன்னும் குளிக்கும் பதத்தில் இருக்கும், கொழும்புக் கடலின் சூடு மட்டும் கிடைக்காது. காற்று விளையாட்டுக்கு நாள் அமைவது அதிர்ஷ்டம், பல நிலையங்கள் மாத இறுதியுடன் மூடிவிடும். அவளுடைய பிள்ளைகள் சிறியவர்கள், எனவே தங்குவதற்கு கிழக்குக் கரை. பிரசோனிசி வேண்டாம். சம்பீக்காவுக்குக் காலையில் போ, இறப்பர் சப்பாத்தை இங்கிருந்தே கொண்டு போ. அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றாள். அப்படியென்றால் கழிவறைக்குப் பக்கத்துக் குடையை எட்டு மணிக்கே பிடித்துவிடச் சொன்னேன்.